ஆயிரம் அடிக்குக் கீழே ஒரு வானம்

என் மகள் எடுத்த படத்தில் கதை இல்லை. இதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரான திருச்செங்கோட்டில் கல்யாண மண்டபத்தில் அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் அங்கேயே சொல்லிவிட்டார்கள், பெற்றவள் மறைத்து என்ன ஆகப்போகிறது? ஆனால் அந்தப் படம் காட்டியதை அதற்கு முன் நான் எங்கும் பார்த்ததில்லை. முப்பது வருடமாகப் பூமியைத் துளைத்துக்கொண்டிருக்கும் என் கணவரும் பார்த்ததில்லை. அதையும் நானே சொல்ல வேண்டியிருக்கிறது. குறையைச் சொல்ல ஊரே இருந்தது, இதைச் சொல்லத்தான் ஆள் குறைவு.

நான் பள்ளியில் வேதியியல் எடுக்கிறேன். கணவருக்குச் சொந்தமாக ஒரு ரிக் லாரி. ஆழ்துளைக் கிணறு, ஊர்ப் பேச்சில் போர், போடுகிற வண்டி. எங்கள் ஊரில் தெருவுக்கு ஒருவர் இந்தத் தொழிலில் இருப்பார். வருடத்தில் ஏழெட்டு மாதம் அவர் வண்டியோடு வெளி மாநிலத்தில் இருப்பார். மழைக்காலத்தில் வண்டி ஊர் திரும்பிப் பட்டறையில் நிற்கும். அப்போதுதான் அவர் வீட்டில். ஆகவே மகளை வளர்த்ததில் பயப்படுகிற வேலை முழுக்க என்னுடையதாகிவிட்டது. நானும் அதில் ஒரு குறையும் வைக்கவில்லை.

அவள் எங்களுக்கு ஒரே பிள்ளை. உள்ளூரிலேயே பொறியியல் படித்தாள். முடித்ததும் வேலைக்குப் போகாமல் இரண்டு வருடம் கேட்டாள். ஒரு படம், விஞ்ஞானக் கதைப் படம், எடுத்துப் பார்க்கிறேன் என்றாள். அவள் அப்பா கேட்ட உடனே சரி என்றார். நான் ஒரு வாரம் கழித்துச் சரி என்றேன். இரண்டாவது வருடம் முடியப்போகிறது என்றதும், நான் பக்கத்தில் உட்கார்ந்து அவளை வேலைக்கு விண்ணப்பம் போட வைத்தேன். பெங்களூரில் கிடைத்துவிட்டது. வருகிறேன், வரவில்லை, ஏதாவது ஒன்றைத் திங்கட்கிழமைக்குள் எழுதிவிட வேண்டும். படத்தை அதற்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை காலை, ஊர்க்காரர்களுக்குப் போட்டுக் காட்டுவதாக ஏற்பாடு.

சனிக்கிழமை நான் இட்லிக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்றாள்.

"நாளைக்குப் படத்தப் பாத்துட்டு நீ சொல்லும்மா. நல்லாயில்லைன்னு சொன்னீன்னா நான் பெட்டியக் கட்டிக்கிட்டுப் பெங்களூரு போயர்றேன். நல்லாருக்குன்னா போகலை. உன்ற வார்த்தைதான்."

"என்னைய எதுக்குடி இழுக்கறே? உங்கப்பாவக் கேளு."

"அவரு நான் மூணாவதுல வரஞ்ச யானையவே இன்னும் பர்ஸுல வச்சிருக்காரு. அவருகிட்டக் கேட்டு என்ன பண்றது? நீதான் பொய் சொல்ல மாட்டே."

பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் உண்மையைச் சொன்னால், படம் பார்க்கும் முன்பே என்னிடம் பதில் இருந்தது. அவள் பெங்களூர் போக வேண்டும். குளிரூட்டிய அறையில், நாற்காலியில், கால் தரையில் பட உட்கார்ந்து வேலை செய்ய வேண்டும். அதற்கு மேல் நான் சாமியிடம் எதுவும் கேட்டதில்லை.

அந்த இரண்டு வருடம் எங்கள் வீடு வீடாகவே இல்லை. நாமக்கல் கோழிப்பண்ணைகளிலிருந்து கழித்துப்போட்ட முட்டை அட்டைகளை அவள் அப்பா லாரியில் கொண்டுவந்து இறக்கினார். மாடி முழுக்க அட்டை. அவளும் கல்லூரித் தோழிகள் இருவரும் அவற்றுக்கு வெள்ளி நிறம் அடித்து, சுவர் சுவராக ஒட்டி, பின்னாலிருந்து விளக்குப் போட்டார்கள். துணி காயப்போட மாடிக்குப் போனேன். ஒரு பெரிய மீனின் வயிற்றுக்குள் நிற்பது போல இருந்தது. ஒவ்வொரு குழியும் செதிலாக மின்னியது. "இது என்னடி?" என்றேன். "கப்பல்" என்றாள். சொட்டு நீர்க் குழாய்களைச் சுற்றிச் சுற்றித் தைத்து ஒரு உடுப்பு செய்தாள், மூச்சுக் குழாய்கள் உடம்பெல்லாம் ஓடுகிற மாதிரி. அயோத்தியாப்பட்டணத்துக்கு அந்தப் பக்கம் ஒரு ஜவ்வரிசி ஆலையில் கெஞ்சி அனுமதி வாங்கி, ஈர மாவு காய்கிற களத்தில் உச்சி வெயிலில் படம் பிடித்தாள். கண் கூசும் வெள்ளை. வீட்டுக்கு வந்தபோது மூன்று பெண்களின் முகமும் அடுப்புக்கரி மாதிரி இருந்தது.

கதை என்ன என்று பலமுறை கேட்டேன். பூமியில் தண்ணீர் முழுக்க வற்றிப்போன ஒரு காலம். ஒரு பெண் ஆழ்துளைக் கிணறு வழியாகக் கீழே போகிறாள். ஆயிரம் அடிக்குக் கீழே பாறை முடிகிறது. அங்கே இன்னொரு வானம் இருக்கிறது. இவ்வளவு சொல்வாள். "சரி, பொறவு?" என்று கேட்டால், "அங்க ஒரு வானம் இருக்குதும்மா" என்று இன்னொரு தரம் சொல்வாள்.

அந்தக் கதையே எனக்கு ஆகவில்லை. மூடாத போர்க்குழியில் குழந்தை விழுந்த செய்தி டிவியில் ஓடினால் எங்கள் வீட்டில் சோறு இறங்காது. கணவர் எழுந்து வெளியே போய்விடுவார். தான் போட்டுத் தண்ணீர் வராமல் விட்ட குழிகளை மூடிவிட்டார்களா என்று ஒவ்வொரு தோட்டக்காரருக்கும் போன் போட்டுக்கொண்டே இருப்பார். மகள் நடை பழகிய வயதிலேயே, தரையில் எந்தக் குழாயின் வாயைக் கண்டாலும் பத்தடி தள்ளிச் சுற்றிப் போகப் பழக்கியிருந்தேன். அவள் போய்ப் போர்க்குழிக்குள் இறங்கும் பெண்ணைப் பற்றிப் படம் எடுக்கிறாள்.

ஆயுத பூசை கழிந்த ஞாயிறு அது. ரிக்காரர்கள் எல்லோரும் ஊரில் இருக்கும் நேரம். கணவரின் அண்ணன், அவருக்கு இரண்டு ரிக், தனக்குத் தெரிந்த கல்யாண மண்டபத்தைப் பேசிவிட்டிருந்தார். கல்யாணத்தன்று மாப்பிள்ளையையும் பெண்ணையும் பெரிதாகக் காட்டுகிற திரை அங்கே மேடையிலேயே இருந்தது. சொந்தக்காரர்கள், ரிக் ஓனர்கள், துளை போடும் டிரில்லர்கள், பட்டறைக்காரர்கள் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். பாதிப் பேர் நெற்றியில் பளிச்சென்று ஒரு சந்தனக் கீற்று. என்ன படம் என்று தெரியாமல், சாப்பாடு உண்டு என்று மட்டும் தெரிந்து வந்தவர்களும் இருந்தார்கள். நான் மூன்றாவது வரிசையில் கணவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

முதல் பத்து நிமிடம் முட்டை அட்டைக் கப்பல். எங்கள் வீட்டு மாடி என்று எனக்கே மறந்துபோனது. பின்னால் ஒரு சத்தம், கனமாக, மூச்சு விடுவது போல. விசைத்தறிச் சத்தத்தை மெதுவாக இழுத்துப் போட்டிருக்கிறாள் என்று பிறகு தெரிந்தது. அடுத்துப் பெண் குழிக்குள் இறங்குகிறாள். திரை முழுக்க வட்டமாகப் பாறைச் சுவர், மேலே மேலே ஓடுகிறது.

அது நிஜமான போர். போருக்குள் விட்டுப் பார்க்கும் கேமரா ஒன்று ரிக்காரர்களிடம் உண்டு. கம்பியில் கட்டி இறக்குவார்கள். உள்ளே மண் சரிந்திருக்கிறதா, தண்ணீர் எங்கே கசிகிறது என்று கைப்பிடி அளவுத் திரையில் பார்ப்பார்கள். அவள் அதே கேமராவில் பிடித்ததைக் கல்யாணத் திரை அளவுக்குப் பெரிதாக்கியிருந்தாள். ஈரப் பாறை. அதில் இளஞ்சிவப்பாக ஓடும் ரேகை. கண்ணாடித் தூள் கொட்டியது போல் மின்னும் மைக்கா. வகுப்பில் இந்தக் கனிமங்களின் பெயர்களைக் கரும்பலகையில் இருபது வருடமாக எழுதுகிறேன். அவை இப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

முன்வரிசையிலிருந்து கணவரின் அண்ணன் எழுந்தேவிட்டார்.

"டேய்! இது நம்ம மேக்காட்டுப் போருதானடா?"

"உக்காருங்க அண்ணா, மறைக்குது" என்றார் கணவர். "அதேதான். நானூறு அடில அந்த வெள்ளக் கோடு வருது பாருங்க."

"கேப்பு! கேப்பு! அங்க பாரு, எடது பக்கம்!" என்று பின்னால் ஒரு டிரில்லர் கத்தினார். பாறைக்குள் தண்ணீர் வரும் விரிசலை அவர்கள் கேப் என்பார்கள். திரையில் அந்த விரிசல் ஒரு குகை வாசல் போலத் திறந்து, கடந்து போனது. வாழ்நாளெல்லாம் இந்த ஆட்கள் அந்தச் சின்னத் திரையில் தண்ணீரை மட்டும்தான் தேடியிருக்கிறார்கள். கல்லை அன்றைக்குத்தான் பார்த்தார்கள். என் கணவர் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு, சின்னப் பையன் திருவிழாத் தேரைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்கடுத்த காட்சிதான் அந்த வானம். திரையின் மேல்பக்கம் கரடுமுரடான பாறைக்கூரை. அதிலிருந்து அந்தப் பெண், குழாய் உடுப்பும் முகமூடியுமாக, கால் முதலில், நீல வானத்துக்குள் மெல்ல இறங்குகிறாள். கீழே மேகம். அவளைப் பிடித்திருக்க எதுவும் இல்லை. கை இரண்டும் மிதக்கின்றன. நான் மிக நிம்மதியாகப் பார்த்தேன். கம்ப்யூட்டரில் என்னென்னவோ செய்கிறார்கள், என் மகளுக்கும் அது தெரிந்திருக்கிறது என்று நினைத்தேன். பக்கத்தில் இருந்த ஒரு அம்மாவிடம், "எல்லாம் கிராபிக்ஸுங்க" என்று சொல்லவும் செய்தேன்.

கடைசியில் அந்தப் பெண் ஒரு வெள்ளைப் பாலைவனத்தில் நிற்கிறாள். ஜவ்வரிசிக் களம் அது. தரையில் ஒரு கம்பியை ஊன்றுகிறாள். தரை அதிர்கிறது. திடீரென்று வெள்ளை வெளேரென்று ஒரு தூண் வானத்துக்குப் பீறிட்டு அடிக்கிறது.

மண்டபம் எழுந்து நின்றது. விசில் பறந்தது. "தண்ணி வந்திருச்சு! தண்ணி வந்திருச்சு!" போரில் தண்ணீர் அடித்துவிட்டால் நிலத்துக்காரர் அந்த இடத்திலேயே தேங்காய் உடைப்பது வழக்கம். அது இந்த ஆட்களுக்குக் கையில் ஊறிப்போன பழக்கம். கணவரின் அண்ணன் சமையல்கட்டுக்கு ஓடி ஒரு தேங்காயை எடுத்துவந்து மேடைப் படியில் ஓங்கி உடைத்தார். தேங்காய்த் தண்ணீர் முன்வரிசைப் பட்டுப்புடவைகள் மேல் தெறித்தது. யாரும் கோபித்துக்கொள்ளவில்லை.

திரையில் அந்த வெள்ளைத் தூண் மெல்லப் பொடியாக உதிர்ந்தது. பனி மாதிரி அந்தப் பெண்ணின் மேல் விழுந்தது. அவள் அண்ணாந்து பார்த்தாள். திரை இருண்டது. பெயர்கள் ஓடின.

"முடிஞ்சிருச்சா?" என்றது ஒரு குரல்.

மகள் மேடையில் ஏறி மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கணவரின் அண்ணன் கையில் உடைந்த மூடியோடு கேட்டார்.

"ஏஞ்சாமி, அது தண்ணிதானே?"

"இல்லீங்க பெரிப்பா. அது வெளிச்சம்."

"வெளிச்சமா? வெளிச்சத்துக்கா நான் தேங்கா ஒடச்சேன்?"

மண்டபம் சிரித்தது. அவளும் சிரித்தாள்.

"சரி போச்சாது. பொறவு தண்ணி வந்துச்சா, இல்லையா?"

"அது முக்கியமில்லீங்க பெரிப்பா."

"முக்கியமில்லையா? அப்பறம் என்னத்துக்குச் சாமி ஆயிரம் அடி போட்டே?"

இதற்குச் சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. ஒருவர் எழுந்து, கேசிங் பைப்பே இறக்காமல் அந்தப் பெண் எப்படிப் போனாள், மேல்மண் சரிந்து விழாதா என்றார். இன்னொருவர் அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா, வீட்டில் யாரும் தேடமாட்டார்களா என்றார். "படம் சூப்பருங்க பாப்பா, கதைதான் ஒண்ணும் வெளங்கலை" என்றார் பட்டறைக்காரர். அவள் மைக்கின் வயரை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள். சிரித்த முகம் அப்படியே இருந்தது. அதன் பின்னால் என்ன நடக்கிறது என்று எனக்கு மட்டும் தெரிந்தது.

அந்த நேரத்தில் என் மனதில் வந்தது ஒரு ஆறுதல். இதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஊரே சொல்லிவிட்டது, இனி நான் பொய் சொல்ல வேண்டியதில்லை, கதை இல்லை என்று சொன்னால் போதும், பெங்களூர் போய்விடுவாள் என்று நினைத்தேன்.

சாப்பாட்டுப் பந்தியில் எதிர் இலையில் எங்கள் வண்டி டிரில்லர் உட்கார்ந்திருந்தார். கணவரோடு பன்னிரண்டு வருடமாக இருப்பவர். ரசம் ஊற்றிக்கொண்டே சொன்னார்.

"அக்கா, நம்ம பாப்பா தலகீழாத் தொங்குனது எப்படி வந்திருக்குது பாத்தீங்களா? நான்தான் கயிறு இழுக்கற வின்ச்சுல இருந்தேன்."

"என்ன தொங்குனது?"

"அதாங்க, வானத்துக்குள்ள எறங்குமில்ல? சங்ககிரிப் பக்கம் பாறையில வண்டிய நிறுத்தி, மாஸ்ட்டத் தூக்கி, கணுக்கால்ல பெல்ட்டுப் போட்டு, தலகீழா இருவத்தஞ்சு அடிக்கு இழுத்தமுங்க. படத்தத் திருப்பிப் போட்டாப் பாறை மேல வந்துருது, வானம் கீழ வந்துருது. ஆறு தடவ இழுத்தோம். பாப்பாவுக்குப் பயமே இல்லீங்க. நம்ம ஓனருதான் ஒவ்வொரு தடவயும் பெல்ட்ட இழுத்து இழுத்துப் பாத்துட்டே இருந்தாரு."

"அது கிராபிக்ஸு இல்லையா?"

"கயித்த அழிச்சது மட்டுந்தான் கிராபிக்ஸுன்னு பாப்பா சொல்லுச்சுங்க." என் முகத்தைப் பார்த்து அப்போதுதான் அவர் கை இலையில் நின்றது. "உங்களுக்குத் தெரியாதுங்களா?"

ரிக்கின் மாஸ்ட் என்றால் வண்டி மேல் நிமிர்த்தி நிறுத்துகிற இரும்புக் கோபுரம். அதன் கீழே வெறும் பாறை. நான் எழுந்தேன். இலையை மூடினேனா என்று நினைவில்லை. கை கழுவுகிற இடத்தில் மகள் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாள். அவள் தோளைப் பிடித்துத் திருப்பிக் கையை ஓங்கிவிட்டேன். ஓங்கிய கை அப்படியே நின்றது. அவள் ஒதுங்கவில்லை.

"யாரும்மா சொன்னா?" என்றாள்.

நான் குனிந்து அவள் சேலைக் கரையைத் தூக்கினேன். கணுக்கால் இரண்டிலும் பட்டையாக ஒரு தழும்பு, கறுத்து, ஆறி. மாசி மாதத்தில் ஒரு வாரம் வீட்டுக்குள் சாக்ஸ் போட்டுத் திரிந்தது நினைவுக்கு வந்தது. பித்தவெடிப்புக்கு மருந்து போட்டிருக்கிறேன் என்றாள். நான் அதற்கு மஞ்சளும் விளக்கெண்ணெயும் காய்ச்சிக் கொடுத்தேன். அந்த நாளும் நினைவுக்கு வந்தது. அவள் அப்பா ஒரு வாரத்துக்கென்று வண்டியோடு ஊருக்கு வந்திருந்தார். இருவரும் "சும்மா எடம் பாக்கப் போறோம்" என்று கிளம்பினார்கள். நான் வீட்டில் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். சாயங்காலம் இருவரும் வந்து ஒன்றும் பேசாமல் ரசஞ்சோறு வாங்கி வாங்கிச் சாப்பிட்டார்கள். நல்ல பசி போலிருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன்.

வீடு வந்ததும் கணவரைத்தான் பிடித்தேன்.

"பெத்த புள்ளயக் கயித்துல கட்டித் தொங்கவிட்டுட்டு, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலீங்களே!"

"சொன்னா நீ உட்டிருப்பியா?"

"உட்டிருக்க மாட்டேன்!"

"அதான் சொல்லலை." அவர் செருப்பைக் கூடக் கழற்றாமல் வாசற்படியில் நின்றார். "பெல்ட்டு ரெண்டு போட்டிருந்தேன் அம்மிணி. கீழ வைக்கோல் மெத்த மூணடுக்கு. என்ற உசுரே வின்ச்சுலதான் இருந்துச்சு. அன்னைக்கிருந்து எனக்குத் தூக்கமில்ல, தெரியுமா?"

"சரி. இப்பவாவது வாயத் தொறங்க. பெங்களூரு போன்னு அவகிட்டச் சொல்லுங்க."

"நான் சொல்ல மாட்டேன்."

"ஏனுங்க?"

"முப்பது வருசத்துல எந்தப் பார்ட்டிகிட்டயும் போதும்னு நான் சொன்னதில்ல. இன்னொரு ராடு எறக்கட்டுங்களான்னுதான் கேப்பேன்."

ரிக்காரர்களின் முறை அது. பார்ட்டி என்றால் போர் போடச் சொன்ன நிலத்துக்காரர். இருபது அடிக்கு ஒரு ராடு, அதாவது துளைக்கிற இரும்புத் தண்டு. ஒவ்வொன்று இறங்கி முடிந்ததும் நிலத்துக்காரரைத் திரும்பிப் பார்ப்பார்கள். தொள்ளாயிரம் அடியில் வெறும் புழுதி பறந்தாலும், நிலத்துக்காரர் அழுதுகொண்டே நின்றாலும், நிறுத்தலாம் என்ற சொல் ரிக்காரர் வாயிலிருந்து வராது. நிலம் யாருடையதோ அவர்தான் சொல்ல வேண்டும். இவர் நிறுத்தச் சொல்லி, பிறகு இன்னொருவர் வந்து பத்தடி கூடப் போட்டுத் தண்ணீர் அடித்துவிட்டால் அந்தப் பாவம் யாருக்கு?

"இந்தப் புள்ள யாரக் கேட்டுச்சு?" என்றார். "உன்னையத்தான் கேட்டுச்சு. அப்ப நீதான் பார்ட்டி. நீ சொல்லு, நிறுத்தறதா வேண்டாமான்னு."

சொல்லிவிட்டு வண்டியைப் பார்க்கப் போகிறேன் என்று பட்டறைக்குக் கிளம்பிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை பட்டறை பூட்டியிருக்கும்.

மகள் மாடியில் முட்டை அட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள். சாயங்கால வெயில் சாய்வாக விழுந்திருந்தது. நான் எதிரில் ஒரு பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தேன். எங்கள் இருவருக்கும் தெரியும், நான் இப்போது சொல்லப்போவதில்தான் எல்லாம் இருக்கிறது.

"சொல்லும்மா."

"கதை இல்ல."

"ம்."

"அந்தப் பொண்ணு எதுக்குப் போனா? அவ திரும்பி வரலைன்னா, மேல பூமியில அழறதுக்கு யாரு இருக்காங்க? ஒண்ணுமே தெரியல. அவ யாருன்னே தெரியாதப்ப அவளுக்காக நான் எப்படிப் பயப்படறது? படம் முழுக்க எனக்குப் பயமே வரலை."

"ஒரு எடத்துலகூடவா?"

"ஒரு எடத்துலகூட. வானத்துக்குள்ள எறங்கும்போது பக்கத்துல இருந்தவங்ககிட்டப் பேசிட்டிருந்தேன். அது நீதான்னு தெரிஞ்ச பொறவுதான் பயந்தேன். இன்னும் நடுக்கம் நிக்கலை, பாரு." கையை நீட்டிக் காட்டினேன்.

அவள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் நிறைந்துவிட்டது, துடைத்துக்கொள்ளவில்லை. மண்டபத்தில் அத்தனை பேர் சிரித்தபோது தாங்கிக்கொண்டவள்.

"அப்பப் படம் நல்லாயில்ல" என்றாள்.

ஆமாம் என்று சொன்னால் முடிந்தது. பெங்களூர். நாற்காலி. தரையில் படுகிற கால். எனக்கு அந்தச் சொல் வாய்வரை வந்தது. ஆனால் தொடைக்கு அடியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த என் கணவரின் முகம் கண்ணில் நின்றது. இருபத்தாறு வருடமாக அந்த மனிதரோடு வாழ்கிறேன். அவர் செய்வது என்ன வேலை, எதற்குள் போய்வருகிறார் என்று அன்று காலைதான் நான் பார்த்திருந்தேன். எங்களுக்கு அதைக் காட்டியவள் என் வயிற்றில் பிறந்தவள். அட்டையும் குழாயும் மாவும் கொண்டு காட்டினாள். இதை நல்லாயில்லை என்று நான் எந்த வாயால் சொல்வேன்? பொய் சொல்ல மாட்டேன் என்று நம்பித்தானே என்னைக் கேட்டாள்.

"கதை இல்லைன்னுதான் சொன்னேன். நல்லாயில்லைன்னு எங்கடி சொன்னேன்?" என்றேன். "நான் பாத்ததுலயே அழகான படம் இதுதான். நீ எங்கயும் போக வேண்டாம். இங்கயே இருந்து அடுத்த படம் எடு. கதையோட எடு."

சொன்னது நான்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. அவள் இப்போதுதான் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "தொங்குனதுக்குத் திட்டலையா?" என்றாள்.

"அது தனி. அதுக்கு உனக்கும் உங்கப்பனுக்கும் ஆயுசுக்கும் உண்டு."

கீழே வந்ததும் லேப்டாப்பைத் திறந்து அந்தக் கம்பெனிக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தாள். நான் காபி போட்டு எடுத்துவந்து அவள் பின்னால் நின்றேன். திரையில் நாலு வரி. வாய்ப்புக்கு நன்றி, குடும்பச் சூழ்நிலை காரணமாகச் சேர இயலவில்லை, மன்னிக்கவும்.

"நம்ம குடும்பத்துக்கு என்னடி சூழ்நிலை?" என்றேன்.

"அம்மா, எல்லாரும் அப்படித்தான் எழுதுவாங்க."

"அழி அத."

"பின்ன என்னன்னு எழுதறது?"

"படம் எடுக்கறேன், அதனால வர முடியலைன்னு எழுது."

"சிரிப்பாங்கம்மா."

"சிரிக்கட்டும். காலைல ஒரு மண்டபமே சிரிச்சுச்சு, ஒண்ணும் ஆயிடலை."

அவள் திரும்பி என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு அந்த வரியை அழித்தாள். நான் ஒரு திரைப்பட இயக்குநர், அடுத்த படத்துக்கான வேலையில் இருக்கிறேன் என்று எழுதினாள். அனுப்பும் முன் எனக்குப் படித்துக் காட்டினாள். இன்னொரு தடவை படி என்றேன். படித்தாள். காபி டம்ளரை மேசைமேல் வைத்துவிட்டு, சரி, அனுப்பு என்றேன்.